மழைக்கு முன்னால் எங்கள் படிக்கட்டுத் தெருவில் ஓர் ஏற்பாடு: எங்கே தொடங்குவது?

மேட்டுவீடு:

வணக்கம். கோத்தகிரியிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தெரு. தெரு என்பது பேருக்குத்தான். மேலே தார்ச்சாலை, கீழே தேயிலைத் தோட்டம், நடுவில் இறங்கும் சிமென்ட் படிக்கட்டின் இரண்டு பக்கமும் 22 வீடுகள். பாட்டி காலமான பிறகு பூட்டிக் கிடந்த வீட்டுக்கு நான் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன்.

போன ஐப்பசி மழையில் மேலே எங்கோ ஒரு கற்பூர மரம் விழுந்து மின்கம்பியை அறுத்துக்கொண்டு போனது. நான்கு நாள் கரண்ட் இல்லை. முதல் நாள் ராத்திரியே செல்போன் டவரும் படுத்துவிட்டது. எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு, 41 பேர். மற்ற நாளெல்லாம் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் வந்து குவியும். அன்றைக்கு ‘யாருக்காவது ஏதாவது வேண்டுமா?’ என்று தட்டி அனுப்பினேன். போகவே இல்லை, கடிகாரச் சின்னத்தோடு அப்படியே நின்றது. என் கடமை முடிந்தது என்று நானும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஒத்துக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் மழை கொஞ்சம் விட்டதும் தார்ச்சாலைக்கு ஏறினேன். மேல் கோடி வீட்டில் ஒரு தாத்தா தனியாக இருக்கிறார். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், மகன் பெங்களூரில். கதவைத் தட்டினால் திறக்க வெகுநேரம் ஆனது. சிலிண்டர் முதல் நாளே தீர்ந்துவிட்டதாம். இரண்டு நாளாக வர்க்கியும் பச்சைத் தண்ணீரும்தான். மேஜை மேல் அந்தக் காலி வர்க்கிக் கவரை நாலாக மடித்து, மேலே ஒரு பேனாவை வைத்திருந்தார். “ஏன் தாத்தா ஒரு குரல் கொடுக்கவில்லை?” என்றால், “உங்களுக்கே ஆயிரம் வேலை இருக்கும்” என்கிறார். என் வீட்டில் நிறைந்த சிலிண்டர். இறங்கும்போது எண்ணினேன், 18 படி.

இந்த முறை மழைக்கு முன்னாலேயே ஏதாவது ஒழுங்கு செய்துவைக்க வேண்டும் என்று இருக்கிறது. என் சந்தேகங்கள்: போன் இல்லாதபோது யாருக்கு என்ன ஆயிற்று என்று எப்படித் தெரிந்துகொள்வது? பணம் வசூலிக்கலாமா? கட்சிக்காரர் கைக்கோ கோயில் கமிட்டி கைக்கோ போய்விடாமல் எப்படி நடத்துவது? கீழ்க் கோடியில் கடைசி இரண்டு வீட்டில் ஜார்க்கண்டிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், அவர்களை எப்படிச் சேர்ப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மழைக்கோட்டு:

நான் 31 வருடம் சாலை வேலையில் இருந்தவன். மற்றவர்கள் மனிதர்களைப் பற்றிச் சொல்வார்கள். நான் மண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் வடிகால், அப்புறம்தான் வாட்ஸப். சரிவில் 22 வீடு என்றால் ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் மண்ணை நெட்டுக்குத்தாக வெட்டியிருப்பார்கள். மேல் வீட்டுக் கூரைத் தண்ணீர் கீழ் வீட்டு முதுகில் இறங்கும். நம் மலையில் பல இடத்தில் செம்மண் ஆள் உயரத்துக்கும் மேல் ஆழம். நாள் கணக்கில் தண்ணீர் குடித்தால் கனம் தாங்காமல் அப்படியே நழுவும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மண்வெட்டியோடு இறங்கி, மேலிருந்து கீழ்வரை சாக்கடையில் இருக்கும் பிளாஸ்டிக், தழை, கட்டட மண் எல்லாவற்றையும் அள்ளிவிடுங்கள். அவரவர் வாசலை மட்டும் அள்ளினால் பிரயோசனம் இல்லை. மேல் வீட்டுக்காரர் அள்ளாத குப்பை கீழ் வீட்டுச் சுவரைத்தான் தள்ளும்.

அப்புறம் எல்லோருக்கும், குழந்தைகள் உட்பட, சில அடையாளங்களைச் சொல்லிக்கொடுங்கள். தரையிலோ சுவரிலோ புது விரிசல். நேற்றுவரை நன்றாக மூடின கதவு இன்றைக்குப் பிடிப்பது. கம்பமோ மரமோ சாய்ந்து நிற்பது. தெளிந்து வந்த ஊற்று திடீரென்று கலங்கி வருவது. எல்லாவற்றிலும் மோசம், கொட்டுகிற மழையில் ஓடை சட்டென்று குறைந்து போவது. மேலே எங்கோ மண் அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். இவற்றில் எதைக் கண்டாலும் பாத்திரம் பண்டம் பார்க்காமல் வெளியேற வேண்டும். யார் வீட்டுக்கு என்று வெயில் அடிக்கும்போதே முடிவு செய்துவையுங்கள். நள்ளிரவில் விவாதம் நடத்த முடியாது.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. நீலகிரியில் 283 இடங்களை அபாயப் பகுதி என்று நிர்வாகம் பட்டியல் போட்டிருக்கிறது. உங்கள் பக்கம் அதில் வருகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள். வந்தால், எந்தப் பள்ளிக்கூடம் முகாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். 1978, 1993, 2009, இந்த மலையைப் புரட்டிப் போட்ட மூன்று பெரிய சரிவுகளும் நவம்பரில்தான் வந்தன. நாள் அதிகம் இல்லை.

தையல்கடை அக்கா:

தம்பி, உங்கள் தாத்தா கதையைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். அவர் மடித்துவைத்த வர்க்கிக் கவர் கண்ணிலேயே நிற்கிறது. அப்படி மடிக்கிற ஆட்கள் கேட்கவே மாட்டார்கள்.

என் அப்பா அம்மா 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்தவர்கள். மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு இங்கே அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து இறங்கினார்கள். குளிருக்கு ஒரு போர்வை இல்லை. லைன் வீட்டில் முன்பே வந்திருந்த குடும்பங்கள் பிடி அரிசி எடுத்துவைத்துக் கொடுத்தார்களாம். உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி ஒரு டின்னில் போடுவது, புதிதாக வருகிற குடும்பத்துக்கு அந்த டின்னோடு கொடுப்பது. டின்னைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அடுத்து வருகிறவருக்கு நிரப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு பிஸ்கட் டின். மூடியில் குதிரைவண்டிப் படம் தேய்ந்து போயிருக்கும். எனக்கு விவரம் தெரிந்து அது மூன்று வீடு மாறிவிட்டது.

2009 நவம்பரில் நான் கேத்தி பக்கம் கடை வைத்திருந்தேன். அந்த மழையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். கேத்தியில் மட்டும் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர். மழைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. நடு ராத்திரியில் லாரி ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாததுதான் பயம். மாவட்டம் முழுவதும் 40 பேருக்கு மேல் போய்விட்டார்கள். என் கடைக்குக் கான்கிரீட் கூரை என்பதால் நான்கு குடும்பம் அங்கேதான். இரண்டு தையல் மெஷினையும் மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றிவிட்டு, வெட்டுத் துணி மூட்டையைப் பிரித்துத் தரையில் விரித்தோம். யாருடைய ஜாக்கெட் மேல் யார் படுத்தார்கள் என்று தெரியாது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போட்டார்கள். மைக்கில் பெயரை வாசிப்பார்கள், போய்த் தட்டை நீட்ட வேண்டும். எங்களோடு இருந்த ஒரு அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. சொந்தமாக ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருந்த வீடு, பத்துப் பேருக்கு வேலை கொடுத்த கை. பெயர் வாசிக்கிறார்கள், அவர் சுவரைப் பார்க்கிறார். பிள்ளைகள் இரண்டும் அம்மா முகத்தைப் பார்க்கின்றன. நான் ஒரு தட்டு வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். “எங்களுக்குப் பசியில்லை” என்றார். மதியம் தாண்டியும் அப்படியே.

எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. என்ன வீம்பு என்று. அப்புறம் சமையல் பக்கம் ஆள் போதாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் அவரிடம் போய், “அக்கா, நாற்பது கிலோ அரிசி களைய வேண்டும், நான் ஒருத்தி என்ன செய்வேன், வருகிறீர்களா?” என்று கேட்டேன். அடுத்த நிமிடம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் கை விறைக்க விறைக்கக் களைந்தார், கல் பொறுக்கினார், “உப்பு போதாது” என்று சமையல்காரரை அதட்டினார். சாயங்காலம் பிள்ளைகளோடு எங்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். யாரும் பெயர் வாசிக்கவில்லை.

ஆகவே தம்பி, ‘யாருக்காவது ஏதாவது வேண்டுமா’ என்று கேட்காதீர்கள். தாத்தா ஆயுசுக்கும் பதில் சொல்ல மாட்டார். நீங்கள் முதலில் அவரிடம் ஏதாவது கேளுங்கள். மழை வருவதற்கு முன்னாலேயே, இந்த வாரமே. ஏணி, கடப்பாரை, சுத்தியல், இங்கிலீஷில் ஒரு விண்ணப்பம் எழுதித் தருவது, எதுவாக இருந்தாலும் சரி. தபால் ஆபீஸ்காரர் என்றால் தெருவில் எல்லா வீட்டு ஆளையும் பெயரோடு தெரிந்திருக்கும். வீட்டுக் கணக்கெடுக்க அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் இரண்டு வருட ஆள், உங்களுக்குத் திறக்காத கதவு அவருக்குத் திறக்கும்.

இப்போது போன் இல்லாததற்கு ஒரு வழி. இப்போது நான் இருக்கும் தெருவில் ஆறு வருடமாக நடக்கிறது. ஜாக்கெட்டுக்கு வெட்டி மிஞ்சிய சிவப்பு லைனிங் துணியை ஒரு முழம் நீளத்தில் வெட்டி, ஓரம் அடித்து, வீட்டுக்கு ஒன்று கொடுத்தேன். கரண்ட் போனால் அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் அதை வாசல் கம்பியில் கட்ட வேண்டும், இருட்டும்போது அவிழ்க்க வேண்டும். அவ்வளவுதான். எட்டு மணிக்குத் துணி இல்லையென்றால் மேல் வீட்டுக்காரர் போய்க் கதவைத் தட்டுவார். ராத்திரி துணி தொங்கினாலும் தட்டுவார். உதவி வேண்டும் என்று யாரும் வாயைத் திறக்கத் தேவையில்லை. முதல் வருடம் சாயம் இறங்கி எல்லார் வீட்டு வெள்ளைச் சுவரிலும் சிவப்புக் கோடு விழுந்து, நான் வாங்கின திட்டு கொஞ்சநஞ்சமில்லை. சாயம் போகாத துணியாகப் பாருங்கள்.

இரண்டு தடவை வேலைக்கு ஆகியிருக்கிறது. ஒரு தடவை ஒரு பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தார். இன்னொரு தடவை ஒரு வீட்டில் குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துவிட்டார்கள். துணி காணோமே என்று தட்டினால் பதில் இல்லை. கதவை நெம்பித் திறந்து, மூன்று பேரையும் வெளித் திண்ணைக்கு இழுத்துப் போட்டோம். பிழைத்துக்கொண்டார்கள். மூடின அறைக்குள் கரிப்புகை வாசனையே தெரியாமல் ஆளை அடித்துவிடும். உங்கள் தெருவில் எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லிவிடுங்கள். கீழ் வீட்டு ஜார்க்கண்ட் பிள்ளைகளுக்குக் கட்டாயமாக, அவர்கள் ஊரிலிருந்து வந்த புதிதில் குளிர் தாங்காது.

ராத்திரி தட்டப் போகிறவர் தனியாகப் போகக் கூடாது. இரண்டு பேர், இரண்டு டார்ச். எங்கள் பக்கம் காட்டெருமை படிக்கட்டிலேயே நிற்கும், கரடியும் உண்டு. உதவப் போனவரைத் தூக்கிக்கொண்டு வர இன்னும் நாலு பேர் தேவைப்படும்.

நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறோம். யாரிடம் என்ன இருக்கிறது என்று மட்டும்தான் அதில் எழுதுவோம். ஜீப் யாரிடம், மர அறுவை மெஷின் யாரிடம், விறகடுப்பு எந்த வீட்டில், நர்ஸ் படித்த பெண் எங்கே. (பேக்கரிக்காரர் பெயர் முதல் பக்கத்தில். வர்க்கி அடுப்பு விறகில் எரிவது, கரண்ட்டே இல்லாவிட்டாலும் ரொட்டி வரும்.) யார் என்ன வாங்கினார்கள் என்று எழுதுவதில்லை. ஒரு வரிகூட இல்லை. எழுதினால் அடுத்த முறை வர மாட்டார்கள்.

மருந்து விஷயம் தனி. அது நோட்டில் இல்லை, நர்ஸ் பெண்ணின் தலையில் இருக்கிறது. சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியும். ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டதே என்று பயந்து மருந்தைக் கொட்டிவிடுகிறார்கள். திறந்து பயன்படுத்துகிற மருந்து நம் ஊர்க் குளிரில் வெளியே இருந்தாலும் நான்கு வாரம் கெடாது, ஐஸில் மட்டும் வைக்காதீர்கள் என்று அவள்தான் வீடு வீடாகச் சொன்னாள். உங்கள் மருந்துக்கு எப்படி என்று மருந்துக் கடையில் ஒரு முறை கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் போகிற ஒருவர் இருக்கிறார். சாலை அறுந்தால் அவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சரிவைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போவோம். அந்தப் பக்கம் வேறு வண்டி காத்திருக்கும். எந்தப் பக்கத்து ஓட்டுநர் வருவார் என்பதை முன்கூட்டியே பேசிவைத்திருக்கிறோம்.

எழுதிக்கொண்டே போகிறேன். வாடிக்கையாளர் ஒருவர் அரைமணி நேரமாக நிற்கிறார்.

கொழுந்துக்காரன்:

அக்கா சொல்வது எல்லாம் சரி, ஆனால் வாங்கினதை எழுதாதே என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அரிசிக்கும் கம்பளிக்கும் அது சரிப்படும். பணத்துக்குச் சரிப்படாது.

2020-ல் ஊரடங்கு வந்தபோது எங்கள் ஊரில் 38,000 ரூபாய் வசூலித்தோம். அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும் இலவச ரேஷனும் அரசு கொடுத்தது. அட்டையே இல்லாத வடமாநிலத் தொழிலாளர் குடும்பம் ஒன்பது. அவர்களுக்காகத்தான் வசூல். எண்ணம் நல்லதுதான். எழுதிவைக்கவில்லை. நல்ல மனிதர் ஒருவர் கையில் பணம் இருந்தது, ஒரு பைசா அவர் தொடவில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டாவது மாதம் பேச்சு கிளம்பியது. அவர் மனது விட்டுப்போய், இன்றைக்குவரை ஊர்க் காரியம் எதற்கும் வருவதில்லை. அவரைத் தொலைத்ததுதான் எங்களுக்குப் பெரிய நஷ்டம்.

இப்போது செய்வது இது. வாங்குகிறவர் பெயருக்குப் பதில் பொருளை எழுதுகிறோம். ‘அரிசி 25 கிலோ, இன்ன தேதி, இன்ன விலை’, ரசீதைப் பின் பக்கத்தில் ஒட்டுகிறோம். பணம் ஒருவரிடம், நோட்டு இன்னொருவரிடம். இருவரும் ஒரே வீட்டார், ஒரே கட்சி, ஒரே சாதி ஆக இருக்கக் கூடாது. மாதம் ஒரு முறை கடை வாசலில் வைத்து உரக்கப் படிப்போம். வருகிறவர் இரண்டு பேர்தான், ஆனால் படித்தோம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று. சாலை அறுந்தால் நம் பக்கம் முதலில் அடிபடுவது கொழுந்து. பறித்த இலை ஒரு நாள் தாண்டினால் கறுத்துப் போகும், ஃபேக்டரி எடுக்காது. இலை போகாவிட்டால் பறிக்கிற பெண்களுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. மூன்று நாள் மழை என்றால் மூன்று நாள் அடுப்பு எரியாது. அப்போது கைமாற்றாக 500 ரூபாய் கிடைப்பது நிவாரணத்தைவிடப் பெரிய விஷயம். ஆகவே கொஞ்சமாவது பணம் வைத்திருங்கள். வீட்டுக்கு மாதம் 50 போதும். கொடுக்க முடியாத வீட்டைக் கேட்காதீர்கள்.

ஜார்க்கண்ட் வீடுகளை எப்படிச் சேர்ப்பது என்றால், அவர்களில் ஒருவரைச் சாக்கடை வெட்டுகிற ஞாயிற்றுக்கிழமைக்குக் கூப்பிடுங்கள். மொழி தானாக வரும். எங்கள் ஊரில் ஒரு பையன் மூன்று மாதத்தில் கெட்ட வார்த்தை எல்லாம் கற்றுக்கொண்டான்.

பூம்பாறைப் பூண்டு:

நான் நீலகிரி இல்லை, கொடைக்கானல் மேல்மலை. ஆனாலும் சொல்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கடற்கரையோடு போய்விடும் என்றுதான் நினைத்தோம். அது நேராக எங்கள் மலைக்கு வந்தது. சாலை முழுக்க மரம். ஊருக்குள் யாரும் எதற்கும் காத்திருக்கவில்லை. வீட்டுக்கு ஒரு ஆள், கையில் அரிவாளோ கோடாலியோ. வெட்ட ஆள் இல்லாத வீட்டிலிருந்து டீ வந்தது. நாங்கள் இந்தப் பக்கமிருந்து வெட்டிக்கொண்டே போனோம், அடுத்த ஊர்க்காரர்கள் அந்தப் பக்கமிருந்து வெட்டிக்கொண்டு வந்தார்கள். நடுவில் சந்தித்தபோது முதல் கேள்வி, “பீடி இருக்கா?”

ஒரு யோசனை. விழுந்த மரத்தை மெஷினால் அறுக்கத் தெரிந்தவரை மட்டும் விடுங்கள். வளைந்து அழுத்தத்தில் கிடக்கிற மரம் அறுபட்டதும் ஆளை அடிக்கும். மின்கம்பி மேல் விழுந்த மரத்தை மின்வாரிய ஆள் வரும்வரை தொடவே கூடாது.

சும்மா ஒருவன்:

இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. நாமே செய்துகொண்டால் அவர்கள் ஜாலியாக இருப்பார்கள்.

தையல்கடை அக்கா:

தம்பி, நீங்கள் சொல்வதில் தப்பில்லை. நாங்களும் மனு போடுவதை நிறுத்தவில்லை, தடுப்புச் சுவருக்கு ஐந்து மனு போட்டிருக்கிறோம். ஆனால் தீயணைப்பு வண்டி வருவதற்குச் சாலை வேண்டும். சாலையே இல்லாத அந்த முதல் நாள் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். 2021 டிசம்பர் 8-ல் குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்தபோது முதலில் ஓடியது பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். தங்கள் வீட்டுக் கம்பளியைக் கொண்டுபோய்த்தான் ஆட்களைத் தூக்கினார்கள். அதற்கு முன்னால் யாரும் அவர்களுக்கு மீட்டிங் போட்டுச் சொல்லவில்லை.

கொழுந்துக்காரத் தம்பிக்கு: பொருளை எழுதுவது, ஆளை எழுதாமல் விடுவது. இது எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் நோட்டிலும் மாற்றிக்கொள்கிறேன். ரசீது ஒட்டப் பசைதான் மழைக்காலத்தில் காயாது. ஊசி நூல் போட்டுத் தைத்துவிடுவேன்.

பந்தலூர்வாசி:

சுருக்கமாக ஒன்று. 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் நிலச்சரிவில் போனபோது எங்களுக்கு அது பக்கத்து ஊர். இங்கிருந்தும் சாமான் சேர்த்து அனுப்பினோம். மூட்டை பிரித்தால் பாதி கிழிந்த சேலை, ஜோடி இல்லாத செருப்பு, ஒரு மூட்டையில் பட்டு வேட்டி. பிரித்து அடுக்கவே மூன்று நாள் போனது. உங்கள் தெருவில் பொருள் சேர்ப்பதாக இருந்தால் எது வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். கம்பளி, உள்ளாடை புதியது, சானிட்டரி நாப்கின், டார்ச், பேட்டரி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி பிளாஸ்டிக் டப்பாவில். பழைய துணி வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஒரு ஆளை வாசலில் நிறுத்துங்கள்.

மேட்டுவீடு:

எல்லோருக்கும் நன்றி. எட்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

சனிக்கிழமை தாத்தா வீட்டுக்குப் போய்க் கடப்பாரை கேட்டேன். “எதற்கு?” என்றார். சாக்கடை என்றேன். “உனக்குப் பிடிக்கத் தெரியாது” என்று அவரே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை 22 வீட்டில் 13 வீட்டிலிருந்து ஆள் வந்தார்கள். கீழ் வீட்டு ஜார்க்கண்ட் அண்ணன் இருவரும் வந்தார்கள், எங்கள் எல்லோரையும்விட வேகமாக வெட்டினார்கள். ஏழாவது வீட்டுக்குப் பின்னால் ஒரு முழு மெத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. யார் போட்டது என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

வீட்டுக் கணக்கை தாத்தா மணியார்டர் ஃபாரம் நிரப்புகிற மாதிரி கட்டம் போட்டு எழுதியிருக்கிறார். அழகான கையெழுத்து. அக்கா சொன்னபடி ‘என்ன இருக்கிறது’ என்று மட்டும் கேட்டோம். ஒன்பதாவது வீட்டு அம்மா “எங்களிடம் என்ன இருக்கிறது, ஒன்றுமில்லை” என்றார். தாத்தா விடவில்லை. “உங்களிடம் நல்ல குரல் இருக்கிறது, நீங்கள் கூப்பிட்டால் தோட்டம்வரை கேட்கும்” என்று எழுதிக்கொண்டார்.

துணிக்கு ஒரு கேள்வி அக்கா. இங்கே கடையில் சிவப்பு கிடைக்கவில்லை, ஆரஞ்சுதான் இருக்கிறது. பனிமூட்டத்தில் தெரியுமா?

தையல்கடை அக்கா:

ஆரஞ்சு இன்னும் நன்றாகத் தெரியும் தம்பி. வாங்குவதற்கு முன்னால் ஒரு துண்டை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் பிழிந்து பாருங்கள். ஓரம் அடிக்க மெஷின் இல்லையென்றால் ஒரு கவரில் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள், 22 துண்டுதானே.

மேட்டுவீடு:

23 அக்கா. தார்ச்சாலை டீக்கடையையும் தாத்தா சேர்த்துவிட்டார். கடப்பாரையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், “உன் வீட்டிலேயே இருக்கட்டும், வேண்டும்போது வந்து கேட்கிறேன்” என்கிறார்.